ஒரு தடவை கூப்பிட்ட குரல்

பனமரத்துப்பட்டி,
ஜனவரி 9, 2025

தேவிக்கு,

பேனாவைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று இப்போதுதான் தெரிகிறது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இப்படி எழுதச் சொன்னதே நீதான். கடைசியாக உன்னை வீட்டுக்குக் கூப்பிட வந்தபோது, உன் தம்பி மயில்சாமி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "போன்ல பேசுனா கத்துவீங்க. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா எழுதுங்க, படிக்கறேன்" என்றாய். இங்கே வந்து சேர்ந்த அன்றைக்கே போனையும் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள். இனி எழுதினால்தான் உண்டு.

நான் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. போன மாதம் ஒரு கிராமத்தில் போர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டேன். ரத்தக் கொதிப்பு. மாத்திரை பாதிதான் கேட்கும், மீதிக்கு உங்கள் கோபம் இறங்க வேண்டும் என்றார் டாக்டர். முதலாளி ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். திருச்செங்கோட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி உன்னிடம். உன்னிடம் வந்து கேட்க முகமில்லை. அதனால் நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு சின்ன யோகா நிலையம். பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். என் அறையில் பரக்கத் அலி பாய், சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மாரடைப்புக்குப் பிறகு வந்திருக்கிறார். ராத்திரி குறட்டை விடுவார், பகலில் ரொம்ப மரியாதையான மனிதர். சொல்லிக்கொடுப்பது முத்தாயம்மாள் டீச்சர். அவர் சொல்வது ஒன்றுதான்: "வர்றதைப் பாருங்க. புடிக்கவும் வேண்டாம், தொரத்தவும் வேண்டாம். அதுவா போயிரும்." காலையில் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். பெயர்தான் ஏரி. பாதிக்கு மேல் சீமைக்கருவேலங்காடு. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதில் நாலு கொக்கு.

கண்ணை மூடினால் முதலில் ரிக் வண்டிக் கம்ப்ரசர் சத்தம். இருபது வருடம் அதன் பக்கத்திலேயே நின்றவனுக்கு வேறென்ன வரும். அதற்கு அடியில் உன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தி. நான் உன்னைப் பத்துத் தடவை கூப்பிட்டேன், தேவி. அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது, நீ மட்டும் திரும்பவில்லை. கோபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது தப்புத்தான். ஆனால் கட்டினவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாதா? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நம் இலக்கியாவுக்கு என்ன எடுத்துக் கொடுக்கப்போகிறாய்?

மணிமாறன்


மல்லசமுத்திரம்,
ஜனவரி 18, 2025

இலக்கியா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மயங்கி விழுந்ததை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தோன்றவில்லை உங்களுக்கு. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

பொங்கலுக்கு மயில்சாமிதான் அவளுக்குச் சுடிதார் எடுத்துக் கொடுத்தான். அவன் உங்கள் பேரை எடுப்பதில்லை. புது வீட்டில் முதல் பந்தி, அதில் வீட்டு மாப்பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்து போகிறார், இலை திறந்தே கிடக்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன். நீங்கள் கடித்து வைத்த வெல்லக் கச்சாயம் அதில் பாதியாக இருந்தது. அதற்குள் வண்டி ஏறிப் போய்விட்டீர்கள்.

பத்துத் தடவை கூப்பிட்டேன் என்கிறீர்கள். சரி, பத்துத் தடவைதான். ஏன் திரும்பவில்லை என்று ஒரு தடவை கேட்டீர்களா? இந்தக் கடிதத்தில்கூடக் கேட்கவில்லை.

நான் இங்கே பக்கத்திலிருக்கும், ஜவ்வரிசி போடுகிற சேகோ மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். கிழங்கு மாவைக் களத்தில் காய வைக்கிற வேலை. வெயில்தான் அதிகம், வேறு தொந்தரவு இல்லை. இலக்கியா இங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் கேட் சத்தம் கேட்டால் அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்றால் சத்தமும் வரும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே கேட் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் தூக்காமல் படிக்கிறாள். இதைப் பார்த்த பிறகு எப்படித் திரும்பி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ரிக் வண்டியிலிருந்து இறங்கினாலும் உங்கள் குரல் இறங்குவதில்லை. அது இறங்குகிற வரைக்கும் சாவி என்னிடமே இருக்கட்டும்.

தேவிப்ரியா


பனமரத்துப்பட்டி,
பிப்ரவரி 3, 2025

தேவிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். கேட் சத்தம் விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் வெறும் சமாதானம்தான் வந்தது. அதை எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். உட்கார்ந்து பழகுவோம், ஏதாவது உருப்படியாக நடந்தால் எழுதுவோம் என்று இருந்தேன்.

நடந்துவிட்டது, தேவி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போர் போடும்போது முதலில் மேல்மண், பிறகு சரளை, அப்புறம் பாறை. பாறையைக் குடைந்துகொண்டு ஹேமர் இறங்கும்போது வெள்ளைப் புகையாகத் தூள் பறக்கும். திடீரென்று புகை அடங்கி, தூள் நிறம் மாறும். ஈரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆயிற்று. கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போயிற்று. பந்தி வந்தது, போயிற்று. என் அப்பா அடித்த அடி வந்தது, போயிற்று. பிறகு புகை அடங்கியது. காலும் கையும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூச்சு யாருடையதோ மாதிரி தானாக வந்து போய்க்கொண்டிருந்தது. முள்காட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறேன், ஏரி நிறைகிறது. கருவேலமெல்லாம் முங்கி, தண்ணீர் என் மடி வரைக்கும் வந்து நிற்கிறது. நனையவில்லை, குளிரவும் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, ஒரு குறையும் இல்லை, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொக்கு ஒன்று கிட்டத்திலேயே நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் அந்த இடத்துக்குப் போகிறேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அதைவிட அதிசயம் ஒன்று. நல்ல ஆழத்தில் இருக்கிறேன். உன் குரல் கேட்டது. "ஏனுங்க" என்று, பக்கத்தில் நிற்கிற மாதிரி. புளித்த கிழங்கு மாவு வாசனைகூட வந்தது. நீ சேகோ மில் என்று எழுதியிருந்தாய் அல்லவா, மனசு எதையெல்லாம் கோத்துவிடுகிறது பார். பழைய மணிமாறனாக இருந்தால் துள்ளி எழுந்திருப்பான். நான் டீச்சர் சொன்ன மாதிரியே இருந்தேன். பிடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. நீ கொஞ்ச நேரம் நின்றாய். மறுபடி ஒரு தடவை கூப்பிட்டாய். அப்புறம் அதுவாகப் போய்விட்டது. என் நெஞ்சு ஒரு துடிப்புக்கூடக் கூடவில்லை.

இதைத்தான் சமநிலை என்கிறார்கள் போலிருக்கிறது. இனி நீயும் இலக்கியாவும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இதை டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

மணிமாறன்


மல்லசமுத்திரம்,
பிப்ரவரி 9, 2025

இலக்கியா அப்பாவுக்கு,

அது மனசு கோத்தது இல்லை. நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. பதிலே வரவில்லையே, உடம்புக்கு என்னவோ என்று காலையில் எழுந்து எள்ளுருண்டை பிடித்தேன். இலக்கியாவை மயில்சாமி வீட்டிலேயே விட்டுவிட்டு, சேலம் போய் பஸ் மாறி வந்தேன். முந்தின நாள் களத்தில் கட்டியிருந்த துண்டில்தான் டப்பாவைச் சுற்றிக் கொண்டுவந்தேன், அதுதான் உங்களுக்கு வந்த வாசனை. நிலையத்தில் கேட்டதற்கு ஒரு பெரியவர் வாயைத் திறக்காமல் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். பாய் அவர்தான் என்று நினைக்கிறேன். மௌன விரதம் என்று கழுத்தில் அட்டை தொங்கியது.

வேப்பமரத்தடியில் நீங்கள் இருந்தீர்கள். முதலில் அடையாளமே தெரியவில்லை. முகத்தில் அந்த முடிச்சு இல்லை. கல்யாணமான புதிதில் தூங்கும்போது அப்படி இருப்பீர்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் இந்த மனிதன் நமக்காக இறங்கியிருக்கிறாரே என்று நினைத்தேன். கூப்பிட்டேன். அப்புறம் நின்றேன். வெயில் காலடிக்கு வந்தது, தள்ளி நின்றேன். மறுபடி கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டப்பாவைப் பாய் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. ஏதோ தூக்கத்தில் இருப்பது போல என்று விட்டிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கேட்டு, பார்த்து, போக விட்டிருக்கிறீர்கள். நெஞ்சு ஒரு துடிப்புக்கூடக் கூடவில்லை என்று அதைப் பெருமையாக எனக்கே எழுதுகிறீர்கள்.

நீங்கள் கத்தும்போதாவது நான் ஒருத்தி அங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன், நான் இருக்கிறேனா என்று.

வீட்டுச் சாவியையும் கொண்டுவந்திருந்தேன். அதைப் பாயிடம் கொடுக்கவில்லை. முந்தானையிலேயே முடிந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

தேவிப்ரியா


பனமரத்துப்பட்டி,
பிப்ரவரி 13, 2025

தேவி,

கடிதம் மத்தியானம் வந்தது. படித்துவிட்டு அறைக்கு ஓடினேன். பாயின் அலமாரியில் டப்பா இருந்தது. அவருக்கு மௌனம் முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி. என் முகத்தைப் பார்த்ததும் விரதத்தை விட்டுவிட்டார். "ஐயோ தம்பி, நீங்க பாத்துப் பேசி அனுப்புனீங்கன்னுல்ல நெனச்சேன். பலகாரம் எனக்குன்னு நெனச்சு ரெண்டு தின்னுட்டேன்" என்றார். அவர் அழுதார், நானும் அழுதேன்.

அப்புறம் நேராக டீச்சரிடம் போய்க் கத்தினேன். மறைக்க மாட்டேன், நன்றாகவே கத்தினேன். நீங்கள்தானே வருவதைப் போக விடச் சொன்னீர்கள், என் பெண்டாட்டியைப் போக விட்டுவிட்டேன் என்று. ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயிற்று. அவர் நான் முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, "கண்ணைத் தொறந்து பாத்திருக்கலாமே சாமி. ஆரு வேண்டாமுன்னாங்க?" என்றார்.

ஏன் திறக்கவில்லை என்று இத்தனை நேரம் யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஆழத்தில் ஹேமர் ஓடும்போது பாதியில் கம்ப்ரசர் காற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மேலே வந்துகொண்டிருக்கிற தூளெல்லாம் திரும்ப இறங்கி ஹேமரைக் கவ்விக்கொள்ளும், பிறகு துளைக்கிற ராடு மேலே வராது. அதனால் போர் ஓடும்போது அப்பனே வந்து கூப்பிட்டாலும் டிரில்லர் திரும்ப மாட்டான். நான் இங்கேயும் ஆழம்தான் முக்கியம் என்று உட்கார்ந்துவிட்டேன். பாதியில் எழுந்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். உண்மையில் அது சமநிலை இல்லை, தேவி, பயம்தான். பந்தியில் எழுந்து போனவனும் நான்தான், மரத்தடியில் எழுந்திருக்காதவனும் நான்தான். இரண்டு இடத்திலும் உன்னை நிற்க வைத்துவிட்டேன்.

நீ கேட்டது சரி. நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. அன்றைக்குப் பந்தியில் நீ ஏன் திரும்பவில்லை?

மிச்சம் இருக்கிற உருண்டையைச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. பாய் அப்போதைக்கப்போது ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போகிறார்.

மணிமாறன்


மல்லசமுத்திரம்,
பிப்ரவரி 20, 2025

இலக்கியா அப்பாவுக்கு,

உருண்டையைச் சாப்பிடுங்கள். எள் காறிப்போனால் வீண். பாய்க்கு அடுத்த தடவை தனியாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள், பாவம்.

நீங்கள் கத்தினீர்கள் என்று எழுதியதைப் படித்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பந்தி விஷயம் சொல்கிறேன். அன்றைக்கு நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். நீளமான பந்தி. முதல் நாலைந்து இலைக்கு எல்லாச் சத்தமும் கேட்டது. மேளம், குழந்தைகள், நீங்கள் யாரிடமோ பேசுகிற குரல், எல்லாம். அப்புறம் கையும் கரண்டியும் அடுத்த இலையும் மட்டும் இருந்தது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. சோற்றில் குழி பறிக்கிற விரல், அதில் போய் விழுகிற ரசம், அதிலிருந்து எழும்புகிற ஆவி. எத்தனை நேரம் என்று தெரியாது. திரும்பினால் பந்தியே அமைதியாக இருக்கிறது, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நீங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் வேண்டுமென்று திரும்பாமல் இருக்கவில்லை. எனக்குக் கேட்கவே இல்லை.

இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கடலைக்காய் உரிக்க உட்கார்ந்தால் அப்படி ஆகிவிடும். செவிட்டுக் கழுதை என்று அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பொம்பளைக்கு இது ஆகாது என்று நானே அடக்கி வைத்திருந்தேன். இப்போது மில்லில் மறுபடி வருகிறது. காலையில் ஈர மாவைக் களத்தில் கொட்டிப் பலகையால் இழுத்துப் பரத்துவோம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை. வானமும் அந்த நேரத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும். இழுத்துக்கொண்டே போனால் எங்கே களம் முடிகிறது என்று தெரியாது, நான் எங்கே முடிகிறேன் என்றும் தெரியாது. போன வாரம் சாப்பாட்டுச் சங்கு ஊதியதுகூடக் கேட்காமல் இழுத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற குஞ்சம்மாள் அக்கா வந்து தோளைத் தொட்டு, "வா புள்ள, சோறு ஆறுது" என்றது. கத்தவில்லை. தொட்டது. நானும் வந்துவிட்டேன். ஒன்றும் குறைந்து போகவில்லை.

நீங்கள் வேலையை விட்டு, போனைப் பூட்டி, மரத்தடியில் மாசக்கணக்கில் உட்கார்ந்து தேடுகிறது இதுதானென்றால், நீங்கள் கோபித்துக்கொண்டு பந்தியை விட்டு எழுந்து போனதும் இதே எனக்கு வந்ததற்காகத்தான். இதை நினைத்து நேற்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலக்கியா என்னம்மா என்று கேட்டாள், சொல்லவில்லை.

மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை வாரேன். அன்றைக்கு உட்கார வேண்டாம். மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் உறுதியாக எதிர்பார்க்காதீர்கள்.

தேவி


பனமரத்துப்பட்டி,
மார்ச் 3, 2025

தேவிக்கு,

நேற்று நாம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. அதனால் மீதியை எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். தட்டுவடை செட் உனக்குப் பிடிக்கும் என்று இரண்டு பொட்டலம் கட்டி வாங்கினேன். சேலம் பஸ் வந்தது, நீ இல்லை. அடுத்ததும் வந்தது, இல்லை. மூன்றாவது பஸ்ஸில் இறங்கின ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பழைய ஆள் எழுந்துவிட்டான், தேவி. வரச் சொல்லி வெயிலில் நிற்க வைத்துவிட்டாளே, பழிக்குப் பழி வாங்குகிறாள் என்று வயிற்றுக்குள் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. காது சூடாகிவிட்டது. கையில் போன் இருந்திருந்தால் என்னவெல்லாம் கத்தியிருப்பேனோ. நான் அதைத் துரத்தவில்லை. போக விடவும் இல்லை, போகச் சொன்னாலும் அது போகாது. வா, நீயும் என்னோடு வா என்று அதையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன்.

ஏரிக்கரை ஏறினால், என் இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி.

கூப்பிட்டேன். நீ அசையவில்லை.

அப்போது எனக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். உன் முகத்தில் நான் இல்லை. வீடு இல்லை, இலக்கியா இல்லை, இத்தனை வருடம் நான் போட்ட சத்தமும் இல்லை. ஒரு வலியும் இல்லாத முகம். இவளுக்கு நான் தேவையே இல்லையோ என்று தோன்றிவிட்டது. அன்றைக்கு இதே இடத்தில் நின்று நீயும் இப்படித்தான் என்னைப் பார்த்திருக்கிறாய் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. படித்தபோது புரிந்தது வேறு.

தோளைத் தொடலாம் என்று கிட்டே வந்தேன். குஞ்சம்மாள் அக்கா தொட்டால் சரி, நான் தொட்டால் நீ பயந்துவிடுவாயோ என்று கை நின்றுவிட்டது. எதிரில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணை மூடவில்லை. இலை நிழல் உன் நெற்றியிலிருந்து மெதுவாகக் கன்னத்துக்கு இறங்கிற்று. ஒரு எறும்பு உன் மணிக்கட்டில் ஏறி, வளையலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தூரத்தில் மல்லூர் ரோட்டில் லாரி போகிற சத்தம் வந்தது, போயிற்று. கோபம் எப்போது எழுந்து போயிற்று என்று தெரியவில்லை, தேடினால் காணோம். தண்ணீர் மறுபடி ஏறுகிற மாதிரி இருந்தது, தேவி. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே. உன் மடி வரைக்கும் என் மடி வரைக்கும் ஒரே மட்டமாக. எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நீ கண்ணைத் திறந்ததும் நான் அங்கேதான் இருந்தேன்.

அதற்கப்புறம் நமத்துப்போன தட்டுவடையைத் தின்றுவிட்டு, "நேரமாச்சு" என்று நீ எழுந்துவிட்டாய். நான் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் டாக்டர். இந்த மாதக் கடைசியில் இங்கிருந்து கிளம்ப வேண்டும். எங்கே போவது என்று இன்னும் நினைக்கவில்லை.

மணிமாறன்


மல்லசமுத்திரம்,
மார்ச் 8, 2025

மாமாவுக்கு,

இப்படி எழுதி எத்தனை நாளாயிற்று. எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பழி வாங்கவில்லை. சேலம் போகாமல் மல்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். ஆட்டோக்காரர் நேராக ஏரிக்கரையிலேயே இறக்கிவிட்டார். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கலாம் என்றுதான் இருந்தேன். மரத்தடி காலியாக இருந்தது. இந்த மனிதன் அப்படி என்னதான் பார்க்கிறார் இங்கே, ஒரு நிமிஷம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பிடிக்கக் கரண்டியோ பலகையோ எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. களத்து வெள்ளை வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

நீங்கள் கூப்பிட்டது கேட்டது. பந்தியில் கேட்கவில்லை, இங்கே கேட்டது. நன்றாகவே கேட்டது, "தேவி" என்று. கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தத் தப்பை நானும் செய்தேன், ஆனால் உங்களைப் போல ஆழம் போய்விடும் என்ற பயத்தில் இல்லை. அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தேன். பதினாலு வருடமாக உங்கள் குரல் எப்படி ஏறும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் பேர், அப்புறம் "ஏய் தேவி", அப்புறம் "செவிடா", அப்புறம் பாத்திரம் விழும். நான் அந்த ஆழத்திலும் தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. கொக்குச் சத்தம் வந்தது, காற்று வந்தது, நீங்கள் உட்காருகிற சருகுச் சத்தம் வந்தது. இரண்டாவது வரவே இல்லை. தோள் தானாக இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் நான் உண்மையாக உள்ளே போனேன். எதிரில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே போனேன். அந்த மாதிரி ஒரு இடத்துக்கு நான் தனியாகப் போனதில்லை.

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டீர்கள், மாமா. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னை ஒரு தடவையோடு விட்டதே இல்லை. அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தட்டுவடையைத் தின்றேன். நமத்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

இனி நீங்கள் கத்தவே மாட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. கத்துவீர்கள். ரிக் வண்டி இருக்கிற வரைக்கும் அது இருக்கும். எனக்கும் கேட்காமல் போகும், அதுவும் இருக்கும். அப்போது வந்து தோளைத் தொடுங்கள். நான் பயப்பட மாட்டேன். இலக்கியாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, அப்பா வீட்டுக்கு வருகிறார் என்று மட்டும் சொன்னேன். "கேட் சத்தம் கேட்டாலும் அங்கயே உக்காந்து படிக்கலாமாம்மா?" என்று கேட்டாள். படிக்கலாம் சாமி என்றேன். அந்த வார்த்தையை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

சாவியைத் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். மாதக் கடைசியில் நீங்கள் முதலில் போய் வீட்டைத் திறந்து வையுங்கள். ஜன்னலைத் திறந்து விடுங்கள், தூசி நிறைய இருக்கும். நாங்கள் 30-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரோம். பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருங்கள், வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கூட உட்கார்ந்திருங்கள்.

நான் வந்து கதவைத் தட்டுவேன். ஒரு தடவைதான் தட்டுவேன்.

தேவி